மாறிகளை ரெஜிஸ்டரில் தங்க வைப்பது எப்படி?

பத்தமடையில் பாய் நெய்பவர் கோரைக் கட்டு முழுவதையும் மடியில் போட்டுக்கொள்வதில்லை; அடுத்து நுழைக்க வேண்டிய சில கோரைகளை மட்டும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தள்ளி வைக்கிறார். பிராசஸருக்கு, தன்னுள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடமான ரெஜிஸ்டர் கைக்கெட்டும் இடம், நினைவகம் தள்ளியிருக்கும் கட்டு. 64 பிட் இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களில் பொதுப் பயன்பாட்டு ரெஜிஸ்டர்கள் 16 மட்டுமே. அவற்றிலும் ஒன்று, பங்ஷன்களின் தற்காலிக மதிப்புகளை அடுக்கிவைக்கும் நினைவகப் பகுதியான ஸ்டாக்கின் முனையைக் காட்டுவதற்குப் போய்விடுகிறது. 64 பிட் ஏஆர்எம் வகைப் பிராசஸர்களில் 31 உண்டு.

பாளையங்கோட்டையில் நான் பாடம் சொல்லும் மாணவர்கள், சி மொழியில் 'ரெஜிஸ்டர்' என்ற சொல்லை மாறிக்கு முன் எழுதினால் வேகம் வந்துவிடும் என்றே முதலில் நம்புகிறார்கள். ஆப்டிமைசேஷன் (நிரலை வேகமாக்கும் மெருகேற்றம்) போட்டுத் தொகுக்கும்போது, நிரலை இயந்திர ஆணைகளாக மாற்றும் இன்றைய கம்பைலர்கள் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அப்படி அறிவித்த மாறியின் முகவரியை எடுக்க முடியாது என்ற தடை மட்டும் மிஞ்சுகிறது. சி++ மொழியோ 2017ஆம் ஆண்டுத் தரத்தில் அதன் பயனையே நீக்கிவிட்டது. ஆகவே அச்சொல்லை விட்டுவிடுங்கள்.

எந்த மாறிக்கு இடம் என்பதைக் கம்பைலர் எப்படித் தீர்மானிக்கிறது என்று தெரிந்துகொள்வதே பயனுள்ள வழி. ஒரு மதிப்பு உருவானதிலிருந்து கடைசியாகப் பயன்படும் வரை அது உயிரோடு இருப்பதாகக் கொள்ளப்படும். ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும் இரு மதிப்புகள் ஒரே ரெஜிஸ்டரில் இருக்க முடியாது. மதிப்புகளைப் புள்ளிகளாகவும் ரெஜிஸ்டர்களை வண்ணங்களாகவும் கொண்டு, ஒரே நேரத்தில் உயிரோடு இருப்பவற்றைக் கோட்டால் இணைத்து, இதை, கோட்டால் இணைந்த இரு புள்ளிகளுக்கு ஒரே வண்ணம் வரக்கூடாது என்ற வரைபடக் கணக்காக மாற்றிய முறையை ஐபிஎம்மில் கிரெகரி சைட்டினும் உடன் பணியாற்றியவர்களும் 1981இல் வெளியிட்டார்கள். வண்ணம் போதாதபோது சில மதிப்புகள் ஸ்டாக்கிற்குத் தள்ளப்படும்.

இனி கையால் செய்து பாருங்கள். ஓர் அணியின் எண்களைக் கூட்டி, கூட்டுத்தொகையைச் சுட்டி (முகவரியை வைத்திருக்கும் மாறி) வழியாக எழுதும் சிறிய பங்ஷன் ஒன்றை எழுதுங்கள். சுற்றுக்குள் ஒவ்வொரு முறையும் அந்தச் சுட்டி காட்டும் இடத்திலேயே கூட்டுங்கள். ஜிசிசி என்ற கம்பைலரில் ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் நிலையில் தொகுத்து, அசெம்பிளி வெளியீட்டை, அதாவது இயந்திர ஆணைகளின் எழுத்து வடிவத்தைத் திறந்து சுற்றின் உடலைப் படியுங்கள். கூட்டல் ரெஜிஸ்டரில் நடந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் நினைவகத்திற்கு எழுதும் ஒரு 'மூவ்' ஆணை நிற்கும். சுட்டி காட்டும் இடமும் அணியும் ஒன்றின்மேல் ஒன்று விழக்கூடும் என்பதால், கம்பைலர் அந்த எழுத்தைத் தள்ளிப்போட அஞ்சுகிறது. அந்த அச்சம் நியாயமானதே. இப்போது தொகையை ஓர் உள்ளூர் மாறியில் கூட்டி, சுற்று முடிந்தபின் ஒரே முறை சுட்டி வழியாக எழுதுங்கள். அந்த 'மூவ்' சுற்றுக்கு வெளியே இறங்கிவிடும். இந்த மாற்றத்தைத் திரையில் கண்ட மாணவருக்கு அதன்பின் விளக்கம் தேவைப்படுவதில்லை.

மாறியைத் தேவைப்படும் இடத்திலேயே அறிவியுங்கள். அதன் முகவரியைக் காரணமின்றி வேறு பங்ஷனுக்குக் கொடுக்காதீர்கள். செட்ஜம்ப் நிரலில் ஓர் இடத்தைக் குறித்துவைக்கும்; லாங்ஜம்ப் அந்த இடத்திற்கே நேராகத் தாவித் திரும்பும். செட்ஜம்ப்புக்குப் பின் மாற்றி, லாங்ஜம்ப்பில் திரும்பியதும் படிக்க வேண்டிய உள்ளூர் மாறியை மட்டும் 'வோலடைல்' (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலேயே படித்து எழுது என்ற குறிப்பு) என்று அறிவியுங்கள், ஏனெனில் ரெஜிஸ்டரில் தங்கிய மதிப்பு அந்தத் தாவலில் பழைய நிலைக்குப் போய்விடலாம்.