கத்துவதை விட்டேன், லைன் ஓடியது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 14 பேர் வரிசையாக உட்கார்ந்து தைக்கும் லைனுக்கு என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். முதல் மாதம் முழுக்கக் கத்தினேன். தைத்து முடிக்கும் பீஸ் குறைந்தால் யாருக்காவது திட்டு விழும். இரண்டு பேர் சொல்லாமல் நின்றுவிட்டார்கள், பீஸ் கூடவில்லை.

ஒருநாள் ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் தைக்கும் அக்கா சொன்னார்: "தம்பி, கத்தறத விட்டுட்டு பண்டல் எங்க தேங்குதுன்னு பாருங்க."

பார்த்தேன். தோள் மூட்டுகிறவர்கள் வேகமாகத் தள்ள, கழுத்துப் பட்டி (ரிப்) வைக்கும் மெஷின் முன்னால் மட்டும் கட்டுக் கட்டாகக் குவிந்திருந்தது. அதற்கு அடுத்து இருந்தவர்கள் துணி வராமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நான் திட்டியது பெரும்பாலும் அவர்களைத்தான்!

ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை விநாடி ஆகிறது என்று எழுதினேன். கழுத்துக்கு இன்னொரு மெஷின் போட்டு, தோள் மூட்டுகிறவர்களில் ஒருவரை அங்கே மாற்றினேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான், கூலி குறையாது என்று மேலே பேசி வாங்கிய பிறகுதான். அந்தப் பேச்சுக்கே மூன்று நாள் ஆனது.

இப்போது புதிதாக வருபவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறேன். பழைய கைகளிடம் அன்றைய கணக்கைச் சொல்லிவிட்டு விலகிவிடுவேன். நின்றுபோன இருவரில் ஒருவர் தீபாவளி கழிந்து திரும்பி வந்தார். இன்னொருவர் வரவில்லை.