ஐவரியா, க்ரீமா: குழப்பம் தீர்ந்த விதம்

வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் தேர்வு செய்யும்போது, ஷேடு கார்டில் (நிற மாதிரி அட்டை) ஐவரியும் க்ரீமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பழைய பச்சைச் சுவர் மேலேயே இரண்டையும் தீட்டிப் பார்த்தது தப்பு. சுற்றியிருந்த பச்சையால் இரண்டுமே லேசாகச் சிவப்புச் சாயலில் தெரிந்தன.

பிறகு, 2 அடிக்கு 2 அடியில் இரண்டு ஹார்ட்போர்டு, வெள்ளை பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கோட், மேலே 4 மணி நேர இடைவெளியில் பெயின்ட் இரண்டு கோட். சுவர் நிறம் குழப்பாமலிருக்க, ஓரத்தில் 2 அங்குலம் வெள்ளையாகவே இருக்கட்டும். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) காய்ந்ததும் பெரும்பாலும் கொஞ்சம் அடர்ந்துவிடும். பலகைகளைக் காலை, மதியம், ராத்திரி என ஜன்னலுக்கு எதிரிலும் இருட்டு மூலையிலும் நிறுத்தியதும் குட்டு வெளிப்பட்டது: 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு) வெள்ளை டியூப்லைட்டில் க்ரீமின் மஞ்சள் அடங்குகிறது, 3000 கெல்வின் மஞ்சள் பல்பில் தூக்கலாகிறது. ரெட் ஆக்சைடு தரையென்றால் சுவரின் கீழ்ப்பகுதிக்கு லேசான ரோஸ் சாயலும் ஏறும்.

வெளிச்சுவர் கணக்கே வேறு. உச்சி வெயிலில் ஐவரி வெறும் வெள்ளையாகிக் கண் கூசும். அங்கே க்ரீம், அதுவும் எக்ஸ்டீரியர் எமல்ஷனில்; உள்ளே ஐவரி.

கடையின் டின்டிங் மெஷினில் (நிறம் கலக்கும் இயந்திரம்) கலந்த வாளிக்கு வாளி சின்ன வித்தியாசம் வரலாம். எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் ஊற்றிக் கலக்கிய பிறகே ரோலரை நனையுங்கள்.