பழைய ரவுட்டருக்கு நாமே ஃபர்ம்வேர் எழுத: ஆள் சேர்ப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

ரவுட்டரின் உள்ளே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை எழுதத் தன்னார்வக் குழு என்றதும் பலர் முதலில் வாட்ஸ்அப் குரூப் திறந்து பெயர் தேடுகிறார்கள். அது அப்புறம். கெட்டுப்போன ரவுட்டரை மீட்கும் வழி உங்களிடம் இருந்தால்தான் இன்னொருவர் தன் ரவுட்டரில் கை வைக்கத் துணிவார். லினக்ஸ் டெர்மினல் பழக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. சாதனம். குழுவில் இரண்டு பேரிடமாவது ஒரே மாடல், ஒரே ஹார்ட்வேர் வெர்ஷன் இருக்கட்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் வி2, வி3 என்று உள்ளே சிப்பே மாறியிருக்கும். 4 எம்பி ஃப்ளாஷ் (ஃபர்ம்வேரைச் சேமிக்கும் சிப்), 32 எம்பி ராம் உள்ளவை வேண்டாம், ரவுட்டர்களுக்கான திறந்த மூல ஃபர்ம்வேரான ஓப்பன்டபிள்யூஆர்டியே அவற்றைக் கைவிட்டுவிட்டது.

2. மூல நிரல். உள்ளே லினக்ஸ் கெர்னல் ஓடினால், ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமப்படி அந்தப் பகுதியின் நிரலைத் தயாரிப்பாளரிடம் கேட்கலாம். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்கு அப்படி வெளிவந்த நிரலிலிருந்துதான் 2004-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. பதில் வர நாளாகும், மின்னஞ்சலை இன்றே அனுப்பிவிடுங்கள்.

3. சீரியல். ரவுட்டர் போர்டின் சீரியல் கால்களைக் கணினியோடு இணைத்தால் அது துவங்கும்போது சொல்வதைத் திரையில் படிக்கலாம். கோலாலம்பூரில் இருந்தால் ஜாலான் பாசார் கடைகளில் யுஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் தேடுங்கள். சிபி2102 சிப் உள்ளதுதான் என் தேர்வு, 3.3 வோல்ட். கிரவுண்டோடு கிரவுண்ட், டிஎக்ஸ்-ஐ (அனுப்பும் கால்) எதிர்ப்பக்க ஆர்எக்ஸ்-இல் (பெறும் கால்), ஆர்எக்ஸ்-ஐ டிஎக்ஸ்-இல். விசிசியை (மின்சாரக் கால்) இணைக்கவே வேண்டாம். வேகம் 115200, திரையில் குப்பை எழுத்து வந்தால் 57600 போட்டுப் பாருங்கள், மீடியாடெக் ரவுட்டர்கள் சிலவற்றில் அதுதான்.

4. முழு பேக்கப். எனக்கு அதிக நேரம் போனது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். எட்டுக் கால் ஃப்ளாஷ் சிப்பில் கிளிப் மாட்டி ஃப்ளாஷ்ரோம் என்ற நிரல் கொண்டு படித்தால், ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஃபைல் வந்தது. கிளிப் கொடுக்கும் மின்சாரம் போர்டு முழுக்கப் பரவி பிராசசரும் விழித்துக்கொள்கிறது, அதுவும் அதே நேரத்தில் ஃப்ளாஷைப் படிக்கப் பார்க்கிறது, இரண்டும் மோதுகின்றன. பிராசசரின் ரீசெட் காலை கிரவுண்டில் பிடித்துக்கொண்டு படியுங்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் சிப்பைக் கழற்றத்தான் வேண்டும். இரண்டு முறை படித்து, இரண்டு ஃபைலின் எஸ்ஹெச்ஏ256 சரிபார்ப்பு எண் ஒன்றாக வந்த பிறகுதான் அது பேக்கப்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. ஏதெரோஸ் சிப்பில் ‘ஆர்ட்’, மீடியாடெக்கில் ‘ஃபேக்டரி’ என்று ஒரு சின்னப் பகுதி இருக்கும். அந்தக் குறிப்பிட்ட போர்டுக்கான வைஃபை அளவீடு அதில்தான், மேக் முகவரியும் பெரும்பாலும் அங்கேதான். அழிந்தால் நண்பருடையதை நகல் எடுத்துப் போட்டுச் சரிசெய்ய முடியாது. ஆகவே குழுவில் ஒவ்வொருவரும் அவரவர் ரவுட்டரைத் தனியாக பேக்கப் எடுக்க வேண்டும்.

கிளிப்பைக் கணினியோடு இணைக்கும் மலிவான கறுப்பு சிஎச்341ஏ போர்டுகள் பலவற்றில் டேட்டா கால்களில் 5 வோல்ட் வருகிறது, 3.3 வோல்ட் சிப்புக்கு அது அதிகம். ராஸ்பெர்ரி பை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், அதன் கால்கள் 3.3 வோல்ட்தான்.

5. இப்போது ஆள் சேருங்கள். வயரிங் படம், பேக்கப் எடுக்கும் முறை, மீட்கும் முறை மூன்றையும் கிட் களஞ்சியத்தில் தமிழிலும் எழுதி வையுங்கள். புதிதாக வருபவருக்கு எல்இடி எந்த ஜிபிஐஓ (பிராசசரின் கட்டுப்பாட்டுக் கால்), பட்டன் எந்த ஜிபிஐஓ என்று கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுங்கள். சின்னதுதான், ஆனால் அன்றே பலன் கண்ணுக்குத் தெரியும்.

பிறகு சேர்த்தது: பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் தன் சிப் 1.8 வோல்ட் என்று எழுதியிருந்தார். அதற்கு 3.3 கொடுத்தால் சிப் போய்விடும், இடையில் மின்னழுத்தத்தை மாற்றும் லெவல் ஷிஃப்டர் வேண்டும். கிளிப் மாட்டுவதற்கு முன் சிப்பின் மேலுள்ள எண்ணைப் படித்து டேட்டாஷீட்டைத் திறந்து பாருங்கள்.