டிபால்ட் வேஷம் கட்டுபவனுக்கு முதலில் வாய்க்கட்டு

ரோமியோ ஜூலியட் நாடகத்தைத் தமிழில் போடுகிறோம், ஜூலியட்டின் உறவுக்காரன் டிபால்ட் வேஷத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். மாணவர்களை வைத்து அதை மூன்று தடவை போட்டிருக்கிறேன். முதல் தடவை கெட்டதே டிபால்ட்டால்தான். அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் வாய் நீளும்.

அந்தத் தடவை வேஷம் கட்டியவன் வலங்கைமான் பக்கத்துப் பையன். நல்ல உயரம், கணீர் குரல். "நீ கோபக்காரன், அவ்வளவுதான்" என்று சொல்லி விட்டிருந்தேன். முதல் காட்சியிலேயே அடித்தொண்டையில் கத்தினான். விருந்தில் அதைவிடக் கத்தினான். மூன்றாம் அங்கத்தில், நாடகமே திரும்புகிற இடத்தில், வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சபை சிரித்துவிட்டது. டிபால்ட் கையால் சாகிற ரோமியோவின் நண்பன் மெர்குஷியோவோடு சேர்ந்து நாடகமும் செத்தது. பையன்மேல் தப்பில்லை, சொல்லிக்கொடுத்தவன்மேல்தான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் டிபால்ட்டின் வசனத்தை மட்டும் ஒரு தாளில் பையனையே எழுதச் சொல்லுங்கள். மொத்தம் நாற்பது வரிகூட வராது. உயிரோடு மேடைக்கு வருவது மூன்றே காட்சி. இவ்வளவு கொஞ்சமாகப் பேசுகிறவனால் எப்படி ஐந்து அங்கமும் சாய்கிறது? இந்தக் கேள்வி அவன் மண்டையில் ஏறினால் பாதி ஒத்திகை முடிந்த மாதிரி.

அடுத்தது உறவுமுறை. இதை முதல் நாளே தீர்த்துவிடுங்கள். ஆங்கிலத்தில் கசின் என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும். நமக்கு அப்படி விடமுடியாதே. டிபால்ட் ஜூலியட்டின் அம்மாவுடைய அண்ணனோ தம்பியோ பெற்ற பிள்ளை. அப்படியென்றால் மாமன் மகன். இதைச் சொன்ன அடுத்த நிமிஷமே ஒரு பையன், "அப்ப முறைப்பையன் சார், பொண்ணு கையைவிட்டுப் போகுதுன்னுதான் குதிக்கிறான்" என்பான். எனக்கு மூன்று தடவையும் சொன்னார்கள். ரசமான யோசனைதான், ஆனால் நாடகத்தில் அதற்கு இடமில்லை. ஜூலியட்டும் ரோமியோவும் காதலிப்பது டிபால்ட்டுக்குச் சாகும்வரை தெரியவே தெரியாது. அவன் கோபமெல்லாம் குடும்பப் பெயருக்காக. பகையாளியான மாண்டேக்யூ வீட்டுப் பையன் ரோமியோ நம் வீட்டு விருந்துக்குள் நுழைந்துவிட்டான் என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. நம் பக்கத்தில் கோயில் முதல் மரியாதைக்காகப் பேச்சுவார்த்தை அற்றுப்போன இரண்டு பெரிய வீடுகளை நினைத்துக்கொண்டால் போதும்.

முதல் காட்சியை லேசாகத் தாண்டுங்கள். வேலைக்காரர்கள் அடித்துக்கொள்கிறார்கள், ரோமியோ வீட்டுப் பையன் பென்வோலியோ விலக்கிவிட வாளை உருவுகிறான், டிபால்ட் வந்து, கையில் வாளை வைத்துக்கொண்டு சமாதானம் பேசுகிறாயா, அந்த வார்த்தையே எனக்கு வெறுப்பு என்கிறான். இந்த இடத்தில் அவனுக்குக் கோபம் சுகமாக இருக்கிறது. சிரித்துக்கொண்டே சொன்னாலும் தகும்.

உயிர் இருப்பது விருந்துக் காட்சியில். ஒத்திகை நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள்.

முகமூடி போட்ட ரோமியோவைக் குரலை வைத்தே டிபால்ட் கண்டுபிடிக்கிறான். என் வாளைக் கொண்டுவா என்று பையனிடம் சொல்கிறான். அப்போது குறுக்கே வருகிறவர் வீட்டுக்காரர் கேப்யுலெட், ஜூலியட்டின் அப்பா. அவன் நல்ல பையன் என்று ஊரே சொல்கிறது, என் வீட்டில் அவனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது, சும்மா இரு என்கிறார். டிபால்ட் எதிர்த்துப் பேசுகிறான். உடனே பெரியவருக்குப் பொத்துக்கொண்டு வருகிறது. இங்கே எஜமானன் நானா நீயா, போடா பொடிப்பயலே என்று விருந்தாளிகள் நடுவில் வைத்து வாங்குகிறார். திட்டுக்கு நடுவே விருந்தாளிகளைப் பார்த்து ஒரு சிரிப்பு, வேலையாட்களைப் பார்த்து விளக்கு கொண்டுவா என்று ஓர் அதட்டல், திரும்பவும் இவனுக்கு ஒரு திட்டு. நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் பெரியப்பா ஒருவர் செய்வது அச்சு அசல் இதேதான்.

டிபால்ட் இங்கே கத்தக் கூடாது. கத்த முடியாததுதான் காட்சி. கட்டாயப் பொறுமையும் முற்றிய கோபமும் மோதி என் உடம்பே நடுங்குகிறது என்கிறான். அவர்கள் காலத்து வைத்தியத்தில் கோபம் என்பது மஞ்சள் பித்தம். பித்தம் தலைக்கேறிவிட்டது என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதே கணக்கு. போகிறேன், ஆனால் இப்போது இனிக்கிற இந்த நுழைவு பிறகு கசக்கும் என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறான். அவன் போன அடுத்த வரியில் ரோமியோ ஜூலியட்டின் கையைத் தொட்டுப் பேசுகிறான். பித்தமும் காதலும் ஒரே மூச்சில்.

பையனுக்கு நான் கொடுத்த பயிற்சி சின்னது. ஒரு வெங்கல டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர். திட்டு வாங்குகிற நேரம் முழுக்க அதைக் கையில் பிடித்திருக்க வேண்டும், ஒரு சொட்டு சிந்தக்கூடாது. இரண்டாவது தடவை போட்டபோது மேடையிலேயே அப்படிச் செய்தோம், விருந்துதானே. கேப்யுலெட் திட்டி முடித்ததும் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு நடந்தான். அந்தச் சின்னச் சத்தத்துக்குக் கொட்டகை அடங்கிப்போனது.

ஆர்தர் புரூக் 1562-இல் எழுதிய நெடுங்கவிதையை வைத்துத்தான் ஷேக்ஸ்பியர் இந்தக் கதையைக் கட்டினார். அதில் டிபால்ட் தெருச்சண்டையில்தான் முதன்முதலாகத் தலைகாட்டுகிறான். ஷேக்ஸ்பியர்தான் அவனை விருந்துக்கு இழுத்துவந்து, கோபத்தை விழுங்கவைத்து அனுப்புகிறார். மாதக்கணக்கில் ஓடுகிற கதையையும் ஒரு வாரத்துக்குள் நசுக்கிவிட்டார். விழுங்கியது செரிக்கவே நேரமில்லை. ஞாயிறு இரவு விருந்து, திங்கள் பிற்பகல் கொலை.

அந்தத் திங்கட்கிழமை வெயில் முக்கியம். வெயில் கொளுத்துகிறது, வீட்டுக்குப் போய்விடலாம், இந்தச் சூட்டில் ரத்தம் கொதிக்கும் என்று பென்வோலியோ கெஞ்சுகிறான். நாங்கள் சித்திரை, வைகாசியில் வறண்டு கிடந்த பாமணியாற்று மணலில் இதை ஒத்திகை பார்த்தோம். பையன்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. (ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் பாதிப் பேர் நாற்றங்காலுக்குப் போய்விடுவார்கள். அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.)

இங்கே டிபால்ட் ரோமியோவைத் தேடித்தான் வருகிறான். மெர்குஷியோ வம்புக்கு இழுக்கிறான், இவன் வழுக்கிக்கொண்டே போகிறான். ரோமியோ தலை தெரிந்ததும், உங்களுக்குச் சமாதானம் உண்டாகட்டும் ஐயா, என் ஆள் வந்துவிட்டான் என்று மெர்குஷியோவை ஒதுக்கிவிடுகிறான். முதல் காட்சியில் வெறுத்த அதே வார்த்தை. இதைப் பணிவாக, தணிந்த குரலில் சொல்லவையுங்கள். கண்டவனிடமும் பாய்கிற ஆள் இல்லை இவன். ஸ்வரம் பார்த்துப் பாடுகிறவன் மாதிரித் தாளம் தப்பாமல் வாள் வீசுகிறான் என்று மெர்குஷியோவே கிண்டல் செய்திருக்கிறான். சிலம்ப வாத்தியார் யாராவது கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள், டிபால்ட்டுக்கு மட்டும் அடிவரிசை சுத்தமாக இருக்கட்டும், மற்றவர்கள் எப்படியோ வீசட்டும்.

ரோமியோ சண்டைக்கு மறுக்கிறான். ஜூலியட்டை மணந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கிறது, அதை வெளியே சொல்ல முடியாது. நண்பனின் பணிவைப் பார்த்துப் பொறுக்காமல் மெர்குஷியோ வாளை உருவுகிறான். விலக்க வந்த ரோமியோவின் கைக்கு அடியில் புகுந்து குத்து விழுகிறது. டிபால்ட் ஓடுகிறான், திரும்பி வருகிறான், ரோமியோ கையால் செத்துப்போகிறான். பழி முழுவதையும் அவன் தலையில் கட்டாதீர்கள். மெர்குஷியோ வாய்க்கும் அதில் பங்குண்டு. அப்புறம் ரோமியோ வாளை எடுக்கும்போது, டிபால்ட் வைத்த அதே நடை, அதே பிடி ரோமியோவுக்கும் வரவேண்டும். கோபம் கைமாறிவிட்டது என்று வசனம் இல்லாமலே தெரிந்துவிடும்.

செத்த பிறகுதான் அவனுக்கு வேலை அதிகம். ரோமியோவை நாடு கடத்துவது அவனால். ஜூலியட் ரோமியோவுக்காக அழ, வீட்டார் டிபால்ட்டுக்காக அழுகிறாள் என்று நினைத்து, துக்கம் ஆறட்டும் என்று அவளைப் பெண் கேட்டிருந்த பாரிஸோடு கல்யாணத்தை வியாழனுக்கே வைக்கிறார்கள். "எழவு விழுந்த வீட்ல மூணாம் நாள் கல்யாணமா சார்?" என்று பையன்கள் கேட்பார்கள். கேப்யுலெட்டுக்கே அந்த உறுத்தல் உண்டு. ஊர் தப்பாகப் பேசும், ஆறேழு பேரை மட்டும் கூப்பிடுவோம் என்கிறார். அந்த அவசரம்தான் செத்த மாதிரித் தூங்கவைக்கிற மருந்துக் குப்பியை ஜூலியட் கையில் கொடுக்கிறது. அதைக் குடிக்கும் முன் அவள் கண்ணில் தெரிவதும் டிபால்ட்டின் ஆவிதான்.

ஆகவே மூன்றாம் அங்கம் முடிந்ததும் பையனை முகம் கழுவி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். கல்லறையில் ரோமியோ அவன் உடலைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிறான். பொம்மையைக் கிடத்தினால் அந்த வரி செத்துவிடும், ஆளே படுக்க வேண்டும். நாலு முழ வெள்ளை வேட்டி, கொஞ்சம் குங்குமக் கரைசல், கழுத்துவரை மூடினால் போதும். எங்கள் பையன் மூக்கில் கொசு உட்கார்ந்து, ரோமியோ மன்னிப்புக் கேட்கிற நேரம் பார்த்துப் பிணம் முகத்தைச் சுளித்தது. கல்லறைக்குப் பின்னால் கொசுவத்திச் சுருள் இரண்டைக் கொளுத்தி வையுங்கள், புகையும் பொருத்தமாகத்தான் இருக்கும்.