கேம் பாய்க்குப் புது கேம் எழுதுவது எப்படி: முதல் டைல் தொடங்கி கார்ட்ரிட்ஜ் வரை

1989-இல் வெளிவந்து 2003-இல் உற்பத்தி நின்றுபோன நின்டெண்டோவின் கையடக்கக் கன்சோல் கேம் பாய்க்கு இன்றும் புதுப்புது கேம்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலும் ஒருவரோ இருவரோ சேர்ந்து செய்பவை. நின்றுபோன கன்சோல்களில் முதல் முயற்சிக்கு இதைவிடப் பொருத்தமான இயந்திரம் கிடையாது என்பது எங்கள் உறுதியான கருத்து. மெகா டிரைவுக்கு எஸ்ஜிடிகே, ட்ரீம்காஸ்ட்டுக்குக் கல்லிஸ்டிஓஎஸ் என்று நல்ல கருவிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் படம் வரையும் வேலையே மாதக்கணக்கில் இழுக்கும். கேம் பாயில் நான்கே சாயல்கள், 160-க்கு 144 புள்ளித் திரை, எட்டு பட்டன்கள். தனியாள் ஒருவர் தொடங்கியதை முடித்துவிட முடிகிற அளவு.

எமுலேட்டரில் (கன்சோலைப் போலவே கணினியில் நடிக்கும் மென்பொருளில்) ஓடுகிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். எமுலேட்டர்கள் பல தவறுகளைக் கண்டும் காணாமல் விட்டுவிடும், கன்சோல் விடாது. திரையில் ஒரே ஒரு உருவம் நகரத் தொடங்கிய அன்றே அதை அசல் இயந்திரத்தில் போட்டுப் பாருங்கள். எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், எந்த மாற்றத்தில் கோளாறு நுழைந்தது என்று தேடுவதிலேயே வாரங்கள் போய்விடும்.

கருவிகள்

நிரலே எழுதாமல் தொடங்க ஜிபி ஸ்டுடியோ. உரையாடலும் நடையும் நிறைந்த சாகச கேமுக்கு அது போதும். சி மொழி தெரிந்தவர்களுக்கு ஜிபிடிகே-2020. இந்த வழிகாட்டி பெரும்பாலும் அதை வைத்தே எழுதப்பட்டது. பிராசஸரின் ஒவ்வொரு சைக்கிளும் (துடிப்பும்) கையில் வேண்டும் என்பவர்களுக்கு, அதன் சொந்தக் கட்டளைகளிலேயே எழுத உதவும் ஆர்ஜிபிடிஎஸ் என்ற அசெம்ப்ளர். இசைக்கு ஹ்யூஜ்டிராக்கர்.

எமுலேட்டர் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். துல்லியத்துக்கு சேம்பாய், பிழை தேட எமுலிஷியஸ் அல்லது பிஜிபி. மதிப்பு எழுதப்படாத ராமைப் படித்தால் அந்த இடத்திலேயே நிறுத்தும் வசதி பின்னிரண்டிலும் உண்டு. நிறுவிய முதல் நாளே அதை இயக்கி வையுங்கள். அசல் இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்க, மெமரி கார்டு செருகும் ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் ஒன்று வேண்டும். எவர்டிரைவும் ஈஸி-ஃபிளாஷ் ஜூனியரும் பரவலாகப் பயன்படுபவை.

படம்: 16 பைட்டில் ஒரு டைல்

கேம் பாய் புள்ளி புள்ளியாக வரையாது. எல்லாமே 8-க்கு 8 டைல்கள். ஒரு டைலுக்கு 16 பைட், அதாவது வரிசைக்கு இரண்டு பைட். ஒரு வரிசையில் உள்ள எட்டுப் புள்ளிகளின் சாயல் 0 1 2 3 3 2 1 0 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு எண்ணின் கீழ் பிட்டையும் சேர்த்தால் 01011010, அதாவது 90. மேல் பிட்டைச் சேர்த்தால் 00111100, அதாவது 60. நினைவகத்தில் 90 முதலில், 60 அடுத்து. ஜிபிடிகே-2020 உடன் வரும் படமாற்றி இதைத் தானே செய்துவிடும். ஆனாலும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். டைல் கோணல்மாணலாகத் திரையில் வந்தால் எந்த பைட் இடம் மாறியது என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

வீடியோ ராம் 8 கிலோபைட். அதில் 384 டைல்களுக்கு இடம். பின்னணிக்கு ஒரு நேரத்தில் 256, ஸ்ப்ரைட்டுகளுக்கு (பின்னணிமேல் தனியாக நகரும் உருவங்களுக்கு) 256; இவற்றில் 128 இருவருக்கும் பொது. திரை முழுக்க 20-க்கு 18, ஆக 360 கட்டங்கள். எனவே திரையை நிறைக்கும் தலைப்புப் படம் ஒன்றை வரைந்து அப்படியே மாற்றினால் 256-க்குள் அடங்காது. முதலில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். வெற்றிடங்களையும் திரும்ப வரும் வடிவங்களையும் எட்டின் மடங்கில் ஒழுங்குபடுத்தினால் எண்ணிக்கை மளமளவென்று குறையும். பின்னணி டைலைத் திருப்பிப் போட முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள். அந்த வசதி கேம் பாயில் ஸ்ப்ரைட்டுக்கு மட்டுமே, பின்னணிக்குக் கேம் பாய் கலரில்தான் வந்தது.

பின்னணி வரைபடம் 32-க்கு 32 கட்டம், ஓரம் தாண்டினால் மறுபக்கம் சுற்றி வரும். பெரிய உலகத்தை நகர்த்த, திரை எட்டுப் புள்ளி நகரும்போதெல்லாம் பார்வைக்கு வெளியே இருக்கும் ஒரு நெடுவரிசையை மட்டும் புதிதாக எழுதினால் போதும். முழு வரைபடத்தையும் ஒவ்வொரு ஃபிரேமிலும் எழுதுவது வீண்வேலை, நேரமும் போதாது.

ஸ்ப்ரைட் 40 வரை. ஒரு கிடைக்கோட்டில் 10-தான் தெரியும், பதினோராவது மறைந்துவிடும். ஸ்ப்ரைட்டில் சாயல் 0 ஒளிபுகும் என்பதால் மிஞ்சுவது மூன்று சாயல்கள். திரையின் இடது மேல் மூலையில் ஸ்ப்ரைட்டை வைக்க எக்ஸ் 8, ஒய் 16 கொடுக்க வேண்டும். 0, 0 கொடுத்துவிட்டு ஸ்ப்ரைட்டைக் காணோம் என்று தேடுவோர் ஏராளம். ஒளித்து வைக்க ஒய்-யை 0 ஆக்குங்கள். எக்ஸை 0 ஆக்கினால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அந்தக் கோட்டின் 10 கணக்கில் அது இடம் பிடித்துக்கொண்டே இருக்கும். எதிரிகள் காரணமே இல்லாமல் மறைவார்கள். பத்தைத் தாண்டுவது தவிர்க்க முடியாத இடத்தில், ஸ்ப்ரைட் வரிசையை ஃபிரேமுக்கு ஃபிரேம் சுழற்றுங்கள். ஒன்று முழுதாகக் காணாமல் போவதைவிட எல்லாம் கொஞ்சம் மினுங்குவது நல்லது.

அசல் திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் மாடலின் எல்சிடி மெதுவானது. கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்த நிழல், வேகமாக நகரும் பின்னணியில் சேறாகக் கலங்கிவிடும். நடுச்சாயல் இரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகத் தெரியும். நாயகனுக்குக் கருப்பு ஓரக்கோடு போட்டு, ஓடும் பின்னணியை வெளிர்ச்சாயலில் வையுங்கள்.

நேரக் கணக்கு

பிராசஸர் சுமார் 4.19 மெகாஹெர்ட்ஸ். ஒரு ஃபிரேமுக்கு 17,556 மெஷின் சைக்கிள் (நான்கு துடிப்பு சேர்ந்தது ஒரு மெஷின் சைக்கிள்), நொடிக்குச் சுமார் 59.7 ஃபிரேம். திரையின் 144 கோடுகள் வரையப்பட்டபின் 10 கோடு நேரம் இடைவெளி கிடைக்கும். அதுதான் விபிளாங்க், 1,140 மெஷின் சைக்கிள். ஒரு கோடு வரையப்பட்டுக்கொண்டிருக்கும்போது வீடியோ ராமில் எழுதினால் எழுதியது காற்றில் போய்விடும். பிழைச்செய்தி எதுவும் வராது. திரையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தவறான டைல் நிற்கும். தளர்வான எமுலேட்டர்களில் இது தெரியவே தெரியாது. ஜிபிடிகே-2020-இன் டைல் ஃபங்ஷன்கள் தாமே காத்திருந்து எழுதும், அதனால் பாதுகாப்பானவை, ஆனால் மெதுவானவை. நிறைய டைல்களை ஏற்ற வேண்டிய, ஆட்டத்தின் கட்டம் (லெவல்) மாறும் நேரத்தில் திரையை அணைத்துவிட்டு ஏற்றுவதே சரி.

அசெம்ப்ளியில் எழுதுகிறவர்களுக்கு முக்கியமான எச்சரிக்கை: திரையை விபிளாங்கில் மட்டுமே அணையுங்கள். கோடு வரையும் நடுவில் அணைத்தால் முதல் மாடல் கேம் பாயின் எல்சிடி கெட்டுப்போகும் அபாயம் உண்டு. ஜிபிடிகே-2020-இல் திரையை அணைக்கும் கட்டளை விபிளாங்குக்காகத் தானே காத்திருக்கும்.

சி எழுதும்போது

இந்த பிராசஸருக்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரியாது. எட்டு பிட் குறியில்லா எண்களையே இயல்பாகப் பயன்படுத்துங்கள். ஃப்ளோட் (தசம எண்) பக்கமே போகாதீர்கள். வகுத்தல் தேவைப்பட்டால் இரண்டின் அடுக்கால் வகுக்கும்படி வடிவமைத்துக்கொள்ளுங்கள், அப்போது அது வெறும் பிட் நகர்த்தலாகிவிடும். பத்தால் வகுத்து மதிப்பெண் காட்டுவதற்குப் பதில், ஒவ்வொரு இலக்கத்தையும் தனி பைட்டில் வைத்துக் கூட்டிக்கொண்டே போகலாம். வேகத்துக்கும் ஈர்ப்புக்கும் 16 பிட் எண் எடுத்து, மேல் பைட்டைப் புள்ளியாகவும் கீழ் பைட்டைப் பின்னமாகவும் கொள்ளுங்கள். ஒரு ஃபிரேமுக்கு அரைப்புள்ளி நகர 128 கூட்டினால் போதும்.

படங்கள், வரைபடங்கள், வசனங்கள் என மாறாத தரவு எதுவானாலும் கான்ஸ்ட் என்று அறிவியுங்கள். அதை மறந்தால் அந்தத் தரவு ராமுக்கு நகலாகும். மொத்த ராமே 8 கிலோபைட். ஒரு வரைபடம் அதில் ஏறி உட்கார்ந்தால் ஸ்டாக் (ஃபங்ஷன்கள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் ராம் பகுதி) வந்து மோதி, சம்பந்தமே இல்லாத இடத்தில் கேம் உறைந்து நிற்கும்.

மாறிகள் எல்லாவற்றுக்கும் தொடக்க மதிப்பைக் கையால் கொடுங்கள். கன்சோலை இயக்கும்போது ராமில் என்ன இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தற்செயல் எண்களுக்கான விதையை, தலைப்புத் திரையில் ஆட்டக்காரர் பட்டனை அழுத்தும் கணத்தில் டைமர் பதிவேட்டிலிருந்து எடுங்கள். தொடக்கத்திலேயே எடுத்தால் ஒவ்வொரு முறையும் அதே ஆட்டம்தான் வரும்.

பேங்க், சேவ், ஒலி

32 கிலோபைட்டுக்குள் கேம் அடங்கினால் மேப்பர் சிப்பே (பெரிய ரோமை பேங்க் என்ற துண்டுகளாக மாற்றி மாற்றிக் காட்டும் சிப்) வேண்டாம். அதைத் தாண்டினால் எம்பிசி5-ஐத் தேர்ந்தெடுங்கள்; 8 மெகாபைட் வரை போகும். எம்பிசி1-இல் சில பேங்க் எண்களைக் கேட்டால் அடுத்த எண் வந்து நிற்கும் வில்லங்கம் உண்டு, புதுக் கேமுக்கு அது தேவையில்லை. பேங்க் ஒன்றுக்கு 16 கிலோபைட். முதலில் நிரம்புவது எப்போதும் பேங்க் 0-தான், ஏனென்றால் லைப்ரரியும் இன்டரப்டுகளும் (நடக்கும் வேலையை இடைநிறுத்தி ஓடும் நிரல்களும்) அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு பில்டுக்குப் பிறகும் ரோம்-யூசேஜ் கருவியை ஓட்டி மீதி இடத்தைப் பாருங்கள்.

கார்ட்ரிட்ஜ் தலைப்பில் (ரோமின் தொடக்கப் பகுதியில் உள்ள ஹெடரில்) ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 0147-ஆம் பைட் சிப் வகையையும், 0148 ரோம் அளவையும், 0149 ராம் அளவையும் சொல்லும். எம்பிசி5-உடன் ராமும் பேட்டரியும் என்றால் முதலாவதற்குப் பதின்ம எண்ணில் 27. 8 கிலோபைட் சேவ் ராமுக்கு மூன்றாவதில் 2. இவை தவறாக இருந்தால் ஒரு ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜில் சேவ் ஆகும், இன்னொன்றில் ஆகாது.

சேவ் ராமைத் திறந்து, எழுதி, உடனே மூடுங்கள். திறந்தே விட்டால் சுவிட்சை அணைக்கும் நொடியில் குப்பை எழுதப்படும். புதுக் கார்ட்ரிட்ஜின் சேவ் ராமிலும் குப்பைதான் இருக்கும். ஆகவே தொடக்கத்தில் நான்கு அடையாள பைட்டுகளும் இறுதியில் ஒரு செக்சமும் (தரவு கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்ணும்) வையுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் புது ஆட்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒலிக்கு நான்கு சேனல்: இரண்டு பல்ஸ், ஒரு வேவ், ஒரு நாய்ஸ். இசை டிரைவரை மெயின் லூப்பில் அழைத்தால் கேம் திணறும்போது பாட்டும் இழுக்கும். விபிளாங்க் இன்டரப்டில் அழையுங்கள். பாட்டு வேறு பேங்கில் இருந்தால், இன்டரப்ட் முடியும் முன் பழைய பேங்கைத் திரும்பப் போடுவது கட்டாயம்.

வெளியிடுதல்

ரோம் கோப்பாக இட்ச் டாட் ஐஓ போன்ற தளத்தில் வெளியிடுவதே எளிது. எந்த மாடல்களில் சோதித்தீர்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

கார்ட்ரிட்ஜ் தலைப்பில் ஹெக்ஸ் 0104 முதல் 0133 வரை உள்ள 48 பைட்டுகளில் நின்டெண்டோ லோகோ இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கன்சோல் கேமைத் தொடங்காது. இதே மாதிரியான பூட்டு ஒன்றைப் பற்றி, கன்சோல் நிறுவனம் சேகாவும் கேம் நிறுவனம் அக்கோலேட்டும் மோதிய வழக்கில், 1992-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்கோலேட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதை வைத்துக்கொண்டு பெட்டியிலும் லேபிளிலும் அடுத்தவர் முத்திரையை அச்சடிக்கக் கூடாது. பாத்திரங்களும் இசையும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

கார்ட்ரிட்ஜ்

கேம் பாய் கார்ட்ரிட்ஜ் 5 வோல்ட்டில் வேலை செய்யும். 3.3 வோல்ட் ஃபிளாஷ் சிப்பை நேரடியாக மாட்டினால் சில நாள் ஓடும், பிறகு சிப்போ கன்சோலோ பாழாகும். 29எஃப் வரிசையில் உள்ள 5 வோல்ட் சிப்புகளை வாங்குங்கள், அல்லது மின்னழுத்தம் மாற்றும் சிப் உள்ள போர்டைத் தேர்ந்தெடுங்கள். போர்டு 0.8 மில்லிமீட்டர் தடிமன், முனைகளுக்குத் தங்க முலாம். ஈய முலாம் மலிவு, ஆனால் செருகிச் செருகித் தேய்ந்து தொடர்பு விட்டுப்போகும்.

பேட்டரியில் நேரடியாக ஈயம் வைக்காதீர்கள். தகடு பற்றவைத்து வருவதையே வாங்குங்கள். மின்சாரம் விழும்போது சேவ் ராமைப் பூட்டும் சூப்பர்வைசர் சிப் போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியே வேண்டாம் என்றால் எஃப்ராம் சிப் (மின்சாரம் இல்லாமலும் தரவைக் காக்கும் சிப்) போடலாம்.

ஜிபிஎக்ஸ்கார்ட் போன்ற கருவியால் ரோமை எழுதியபின் திரும்பப் படித்து ஒப்பிடுங்கள். பிறகு கன்சோலில் போட்டுப் பாருங்கள். லோகோவுக்குப் பதில் கருப்புப் பட்டை இறங்கினால் கார்ட்ரிட்ஜே படிக்கப்படவில்லை. முனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, பற்றவைப்பைச் சரிபாருங்கள். லோகோ சிதைந்து வந்தால் ஏதோ ஒரு தரவுக் கம்பியோ முகவரிக் கம்பியோ விட்டிருக்கிறது. லோகோ சரியாக வந்து அங்கேயே நின்றால் தலைப்பின் செக்சம் தப்பு. ஆர்ஜிபிடிஎஸ்-இல் உள்ள ஃபிக்ஸ் கருவி அதைச் சரிசெய்யும். முதல் கட்டம் ஓடி அடுத்த கட்டத்தில் உறைந்தால், மேப்பரிலிருந்து ரோமுக்குப் போகும் மேல் முகவரிக் கம்பிகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எல்லாம் ஓடினால் ஒருமுறை சேவ் செய்து, கார்ட்ரிட்ஜைக் கழற்றி இரண்டு நாள் தனியே வைத்துவிட்டு, மறுபடி செருகிச் சேவ் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மூடித் திருகுங்கள்.