ஷெட்டில் நிற்கும் ஃபியட் 124 ஸ்பைடர்: அமெரிக்காவில் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

வெயில் காலத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் பழைய இத்தாலிய ஓப்பன் டாப் கார் இது. "ஓடவே இல்லையே, எதுக்கு சர்வீஸ்?" என்பதில்தான் பாதி தவறுகள் தொடங்குகின்றன.

வால்வும் பிஸ்டனும் ஒத்து ஓடச் செய்யும் டைமிங் பெல்ட் ரப்பர், நின்றாலும் இற்றுப்போகும். 25,000 மைல் அல்லது 3 வருடம், எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். 1974 முதல் 1978 வரை வந்த 1756 சிசி இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வில் பிஸ்டன் மோதும். ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல்மூடிப் பகுதியை, கழற்றாமல் தீராது.

மாற்றுகிறவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வால்வைத் திறக்கும் இரண்டு கேம் ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட் ஆகியவற்றின் குறிகளைச் சரிபார்த்துவிட்டு, ஆயில் பம்ப்பைச் சுற்றும் ஆக்சிலரி புல்லியை அப்படியே விட்டுவிடுவார்கள். அந்த ஷாஃப்டில் பெட்ரோல் பம்ப்பைத் தள்ளும் மேடு இருக்கிறது. குறி தப்பினால் அது இரண்டாம் சிலிண்டரின் கனெக்டிங் ராடில் (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டில்) இடிக்கும். பெல்ட் போட்டதும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் நட்டில் ஸ்பேனர் வைத்து, இன்ஜின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது தட்டினால் அழுத்தாதீர்கள், குறிகளைத் திரும்பப் பாருங்கள். பின்பக்கம் சுற்றினால் பெல்ட் பல் தாண்டிவிடும். டென்ஷனரை (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளையை) ஒருமுறை தளர்த்திவிட்டால், பழைய பெல்ட்டை மறுபடி இறுக்கி ஓட்டவே கூடாது.

லைட் மங்கினால் உடனே ஆல்டர்னேட்டரை மாற்றுவது அடுத்த வீண்செலவு. இதன் ஃபியூஸ் இரண்டு முனையும் கூம்பாக, உலோகப் பட்டை வெளியே தெரியும்படி இருக்கும். முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் கரண்ட் பாயாது. பேட்டரி மைனஸைக் கழற்றி, ஹோல்டரைச் சுரண்டி, புது ஃபியூஸ் போடுங்கள். 8 ஆம்பியர் இடத்தில் 16 போட்டால் எரிவது வயர்தான். பாடியில் எர்த் வயர் சேரும் இடங்களையும் பளிச்சென்று தேய்த்துவிடுங்கள். இத்தாலிய எலக்ட்ரிக்கல் மோசம் என்ற பேச்சில் பாதி இந்தத் துருதான்.

கூலன்ட் ஊற்றும்போது காரின் மூக்கைத் தூக்கி நிறுத்தி, ஹீட்டர் வால்வைத் திறந்து வையுங்கள். உள்ளே காற்று தங்கினால் இன்ஜின் கொதிக்கும். எத்தனால் 10 சதவீதம் கலந்த பெட்ரோல் பழைய பெட்ரோல் ஹோஸைக் கசிய வைக்கும். எஸ்ஏஇ ஜே30ஆர்9 (SAE J30R9) என்ற தர எண் அச்சிட்ட ஹோஸை வாங்குங்கள்.

துருப்பிடிக்காத பாடி கிடைத்தது என்று வெளிமாநிலத்தில் அவசரப்பட்டு வாங்காதீர்கள். கலிபோர்னியாவில் பதிவு செய்வதென்றால், 1976 மாடல் முதல் புகைப் பரிசோதனை உண்டு. புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றி வீசிய 1979 கார் அதில் தேறாது, பதிவும் கிடைக்காது.