பார்ட்டிஷன் மவுண்ட் ஆகாதபோது செய்யக் கூடாதவை

வட்டில் பிரித்து வைத்த பகுதியான பார்ட்டிஷன் திடீரென்று மவுண்ட் ஆக, அதாவது கணினியில் திறந்துகொள்ள, மறுத்ததும், தேடலில் அகப்பட்ட முதல் கட்டளையை ஓட்டிவிட்டு, நிலைமை மோசமான பிறகு வட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கில்லை. அவர்கள் செய்வது அத்தனையும் ஒரு காலத்தில் நான் செய்தவையே. பேக்கப் வைத்துக்கொள்ளாததையும், மீட்ட கோப்புகளை அதே பார்ட்டிஷனில் எழுதுவதையும் இங்கே விட்டுவிடுகிறேன். அவை தவறு என்பது செய்கிறவர்களுக்கே தெரியும்.

நகல் எடுக்காமல் பழுதுபார்ப்பது

லினக்ஸின் எஃப்எஸ்சிகே, விண்டோஸின் செக்டிஸ்க் போன்ற பழுதுபார்க்கும் கருவிகள் நம் கோப்புகளைக் காப்பாற்றுவதற்காக இருக்கின்றன என்ற எண்ணம்தான் இந்தத் தவற்றின் வேர். கோப்பு முறைமையை, அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஒழுங்கை, முன்னுக்குப்பின் முரணில்லாத நிலைக்குக் கொண்டுவருவதுதான் அவற்றின் வேலை. ஒரு கோப்பின் தரவு எங்கே கிடக்கிறது போன்ற விவரங்களைத் தாங்கும் பதிவுதான் ஐநோட். ஓர் ஐநோட்டின் விவரங்கள் பொருந்தி வரவில்லையென்றால் அதைத் துடைத்தெறிந்தாலும் முரண் தீர்ந்துவிடும். கருவியின் கணக்கில் அதுவும் வெற்றியே.

சில ஆண்டுகளுக்கு முன், 1 டெராபைட் வட்டு ஒன்றில் இருந்த எக்ஸ்ட்4 (லினக்ஸின் கோப்பு முறைமைகளில் ஒன்று) பார்ட்டிஷன் திறக்கவில்லை. எல்லாக் கேள்விகளுக்கும் தானே 'ஆம்' சொல்லிக்கொள்ளும் 'ஒய்' விருப்பத்தைச் சேர்த்து எஃப்எஸ்சிகே-வை ஓட்டிவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்து பார்த்தால், திரையில் இரண்டே கேள்விகள் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன: பிளாக்கை (வட்டின் ஒரு சிறு துண்டை) படிக்க முடியவில்லை, பிழையைப் பொருட்படுத்தாமல் போகவா? வலிந்து திரும்ப எழுதவா? இரண்டுக்கும் 'ஆம்'. அதாவது கோளாறு கோப்பு முறைமையில் இல்லை, வட்டே செத்துக்கொண்டிருந்தது. பத்துமுறை முயன்றால் ஒருமுறையாவது படிக்கக் கிடைத்திருக்கக்கூடிய பிளாக்குகளின் மேல், என் பெயரால் எதையோ எழுதிக்கொண்டிருந்தது அந்தக் கருவி.

சேதத்தின் அளவைச் சொல்கிறேன். 4096 பைட் கொண்ட ஓர் ஐநோட் அட்டவணைப் பிளாக்கில், தலா 256 பைட் வீதம் 16 ஐநோட்டுகள் இருக்கும். அந்த ஒரு பிளாக் போனால் 16 கோப்புகளின் தரவு எங்கே கிடக்கிறது என்ற தகவலும் போயிற்று. அவற்றில் ஒன்று கோப்புறையாக இருந்துவிட்டால் இன்னும் மோசம், ஏனெனில் எக்ஸ்ட்4-இல் ஒரு கோப்பின் பெயர் அதன் ஐநோட்டில் இல்லை, அதைத் தாங்கும் கோப்புறையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. இடம் தெரியாத கோப்புகளை எஃப்எஸ்சிகே போட்டுவைக்கும் 'லாஸ்ட்+ஃபவுண்ட்' கோப்புறையில் எனக்கு மிஞ்சியவை, '#' குறியையும் ஐநோட் எண்ணையும் மட்டுமே பெயராகக் கொண்ட கோப்புகள். எது கடிதம், எது கணக்கு, எது படம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தே மூன்று வாரம் கழிந்தது.

செய்திருக்க வேண்டியது இதுதான். முதலில், வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்த்திருக்க வேண்டும். 197-ஆம் வரிசையில், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை பூஜ்யமாக இல்லையென்றால் அந்த வட்டில் எதையும் எழுதக் கூடாது. அடுத்து, பழுதான வட்டை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ கருவி கொண்டு, எதுவரை படித்தாயிற்று என்று குறித்துக்கொள்ளும் மேப் கோப்பு ஒன்றையும் மறக்காமல் கொடுத்து, முழுப் பார்ட்டிஷனையும் வேறொரு வட்டுக்கு இமேஜாக (அச்சு அசலான நகலாக) எடுக்க வேண்டும். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டுபிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். மேப் கோப்பு இருந்தால், இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எஃப்எஸ்சிகே-வின் கைவரிசையெல்லாம் அந்த இமேஜின் இன்னொரு நகலில்தான். "அதற்கு ஒரு நாள் ஆகுமே" என்று இன்றும் யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த மூன்று வாரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

'படிக்க மட்டும்' என்பதை அப்படியே நம்புவது

எக்ஸ்ட்4 பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தாலும், ஜர்னலில் (செய்யவிருக்கும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் இடம்) முடியாமல் நிற்கும் பதிவுகளை லினக்ஸ் கெர்னல் வட்டில் எழுதி முடித்துவிடும். 'நோலோட்' விருப்பத்தையும் சேர்த்தால்தான் ஜர்னல் தொடப்படாது.

மவுண்ட் ஆகியிருக்கும் பார்ட்டிஷனில் எஃப்எஸ்சிகே ஓட்டுவது

கூடாது.

மாற்று சூப்பர்பிளாக்கைத் தேடும் அவசரம்

கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்களைத் தாங்கும் முதன்மை சூப்பர்பிளாக் கெட்டால் அதன் பிரதிகள் உண்டு. அவற்றின் இடங்களை அறிய, வட்டில் எதையும் எழுதாமல் பட்டியல் மட்டும் தரும் சின்ன 'என்' விருப்பத்தோடு எம்கேஇ2எஃப்எஸ் என்ற ஃபார்மட் கட்டளையை ஓட்டச் சொல்வார்கள். அந்த ஓர் எழுத்து விடுபட்டால் பார்ட்டிஷன் ஃபார்மட் ஆகிவிடும். கை நடுங்கும் நேரத்தில் அந்தக் கட்டளையின் பக்கமே போகாதீர்கள். பிளாக் அளவு 4096 பைட் என்றால் பிரதிகள் பெரும்பாலும் 32768, 98304, 163840 ஆகிய பிளாக்குகளில் இருக்கும், அந்த எண்களை எஃப்எஸ்சிகே-விடம் நேரடியாகக் கொடுத்துப் பார்க்கலாம்.

விண்டோஸ் ஃபார்மட் செய்யவா என்று கேட்டால்

கேன்சல்.

எக்ஸ்எஃப்எஸ்-இல் பெரிய 'எல்'

எக்ஸ்எஃப்எஸ் என்பது இன்னொரு கோப்பு முறைமை. அதன் ரிப்பேர் கருவி, லாகில் (எக்ஸ்எஃப்எஸ்-இன் ஜர்னல்) நிறைவேறாத மாற்றங்கள் இருப்பதாகச் சொல்லி நின்றுவிட்டால், பலரும் உடனே பெரிய 'எல்' விருப்பத்தைப் போட்டுவிடுகிறார்கள். அது லாகைப் பூஜ்யமாக்கிவிடும். கடைசியாக நடந்த மாற்றங்கள் அதோடு போய்விடும். நகலை ஒருமுறை மவுண்ட் செய்து, பிறகு அன்மவுண்ட் செய்தால் லாக் தானாகவே நிறைவேறிவிட வாய்ப்புண்டு. மவுண்டும் தோற்றால்தான் 'எல்', அதுவும் நகலில்.